செத்தவீட்டிலிருந்து வந்த நீலத்துண்டு

கனடாவுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு கொப்பி வாங்கினேன். இந்த நாட்டு மனிதர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று அதில் எழுதி வந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே மற்றவர்களுக்கு விளங்காததை நான் விளங்கிக்கொண்டு வந்து சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானே எடுத்துக்கொண்ட பொறுப்பு.

கொப்பியின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே நடந்துபோய்விடுவார்கள். பதில் சொல்வதற்காகப் பின்னால் ஓடத் தேவையில்லை.' இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. முதல் இரண்டு நாளும் ஓடினேன்.

இரண்டாம் பக்கம்: 'நாங்கள் தூரத்தில் வரும்போதே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது ஓடத்தான் வேண்டும்.'

டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் அக்காவோடும் அத்தானோடும் இருக்கிறேன். அத்தான் பிறம்ரனிலிருந்து றக் ஓட்டுகிறார். இந்த நாட்டில் பதினான்கு வருடம். வெள்ளைக்காரரைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவருடைய கருத்து. அவ்வளவையும் அவர் றக்கின் கண்ணாடிக்கூடாகப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

படிப்பு முடிந்து எனக்கு முதல் வேலை கிடைத்தது. பெரிய கட்டடங்களின் சூடேற்றும் இயந்திரங்களுக்கு வடிகட்டி விற்கும் ஒரு சிறிய நிறுவனம். எந்தக் கட்டடத்துக்கு எப்போது வடிகட்டி மாற்றவேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். பார்ப்பவர் என் மேலாளர். அறுபதை நெருங்கியவர், வெள்ளைக்காரப் பெண்மணி. மேசையில் மூன்று மூக்குக்கண்ணாடி வைத்திருப்பார், மூன்றையும் தேடுவார். வேலையை எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்தவர் அவர்தான்.

ஐந்தரை மாதம் கடந்திருந்தபோது அவருடைய அம்மா இறந்துபோனார்.

அலுவலகத்தில் ஒரு வாழ்த்து மட்டை கையிலிருந்து கைக்கு வந்தது. அனுதாபத்துக்கும் இங்கே மட்டை இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஒரு வரியில் அம்மாவைப் பற்றி என்ன சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. முழுவதாக எழுதினேன். எனக்குப் பிறகு கையெழுத்து வைக்கவேண்டியவர் மட்டையின் பின்பக்கத்தில் வைத்தார்.

மின்னஞ்சலில் இடமும் நேரமும் போட்டிருந்தது. சனிக்கிழமை, றிச்மண்ட் ஹில்லில் ஒரு மண்டபம், இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை. அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன்.

"போகத்தான் வேணும்," என்றார் அத்தான். "தாய் செத்ததுக்குப் போகாட்டி பிறகு அந்த மனிசியின்ர முகத்தில எப்பிடி முழிப்பாய்?"

"ஒஃபிஸில வேற ஒருத்தரும் போற மாதிரித் தெரியேல்லை, அத்தான்."

"அவங்கள் போகாட்டி என்ன? அவங்களுக்கு வேலை நிரந்தரம்."

"செத்தவீட்டுக்குப் போறதுக்கும் வேலைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார் அக்கா, குசினியிலிருந்து.

சம்பந்தம் இருந்தது. இன்னும் இரண்டு கிழமையில் அவர் என்னைப் பற்றி அறிக்கை எழுதவேண்டும். எனக்கு உண்மையாகவே கவலையாகவும் இருந்தது. இரண்டில் எது என்னை றிச்மண்ட் ஹில்லுக்கு அனுப்புகிறது என்று யோசித்துப் பார்த்தேன். பிரித்தெடுக்க முடியவில்லை.

"நானும் வாறன்," என்றார் அத்தான். "உனக்குக் காரும் இல்லை, வெள்ளையின்ர செத்தவீடும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சுகொள்ளத்தானே வாறன்."

எங்கள் ஆட்களின் செத்தவீடுகளில் அத்தானுக்கு நல்ல அனுபவம். அவற்றுக்கும் இப்படி மண்டபமும் நேரமும்தான். ஐந்திலிருந்து ஒன்பது என்று போட்டால் சனம் எட்டு மணிக்கு வரும். அந்தக் கணக்கில் நாங்கள் மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். காரில் போகும்போது இரண்டு பேரும் 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினோம். அத்தான் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

உள்ளே போனதும் அத்தான் நின்றுவிட்டார்.

"பெட்டி எங்க?"

"எரிச்சாச்சாம். அந்தா, அந்தச் சாடிக்குள்ள."

"அப்ப நாங்கள் ஆரைப் பாக்க வந்தனாங்கள்?"

சாடிக்குப் பக்கத்தில் படங்கள். அந்த அம்மா மீன் பிடிக்கும் படம், குதிரைக்குக் கரட் கொடுக்கும் படம், கையில் பியர் கிளாசோடு சிரிக்கும் படம். சுற்றிவர நின்றவர்களும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஏதோ கதை சொல்ல, என் மேலாளரும் சிரித்தார். ஒப்பாரியும் இல்லை, விம்மலும் இல்லை.

"இவங்கள் எப்ப அழுவாங்கள்?" என்று அத்தான் என் காதுக்குள் கேட்டார்.

"நாலு மணிக்குள்ள அழுவினமாக்கும்."

மேலாளர் எங்களைக் கண்டு ஆச்சரியப்பட்டார். நான் பழகிய வசனத்தைச் சொன்னேன். அத்தானுக்கு வசனம் வரவில்லை. மேலாளருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றார். எங்கள் முறைக்கு அது சாதாரண நேரம். அவர்களுடைய முறைக்கு அது நீண்ட நேரமாக இருந்திருக்கவேண்டும். பக்கத்தில் நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு போய்க் கதிரையில் உட்கார்ந்து இருந்தோம். செத்தவீட்டில் வந்தவர்கள் இருக்கவேண்டும். பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தால்தான் வந்ததாகக் கணக்கு. இங்கே எல்லோரும் நின்றார்கள். எங்களுக்குச் சுகமில்லையோ என்று நினைத்து மூன்று பேர் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். மூலையில் சான்ட்விச்சுகள் முக்கோணமாக வெட்டி அடுக்கியிருந்தன. அதையும் கொண்டுவந்து நீட்டினார்கள். செத்தவீட்டில் வாய் நனைக்கக்கூடாது, வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தோய்ந்துவிட்டுத்தான் எதுவும் என்பது அத்தானின் சட்டம். வேண்டாம் என்றோம்.

கதிரைக்குப் பக்கத்து மேசையில் ஒரு பஸில் விரித்திருந்தது. இருநூறு அட்டைத் துண்டுகளைப் பொருத்தி ஒரு படமாக்குகிற விளையாட்டு. ஏரியும் ஒரு சிவப்புப் படகும் முடிந்திருந்தன. மேலே வானம் வெறும் மேசையாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மட்டை.

"உதில என்ன எழுதியிருக்கு?"

"அந்த அம்மா செய்துகொண்டிருந்த பஸிலாம். அரைவாசியில செத்துப்போனாவாம். வாறவையை ஒரு துண்டு வைக்கட்டாம்."

அத்தான் எழும்பினார். ஒரு நீலத்துண்டை எடுத்து, நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து, வைத்தார். பொருந்தியது. இன்னொன்றை எடுத்தார்.

"அத்தான், ஒண்டெண்டுதான் எழுதியிருக்கு."

"முழு வானமும் கிடக்கடா. ஒவ்வொண்டா வைச்சு எப்ப முடிக்கிறது?"

றக்குக்குள் பெட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்குவது அவருடைய தொழில். கையில் நாலைந்து துண்டு, சட்டைப் பைக்குள் இன்னும் கொஞ்சம், மேசையைச் சுற்றி நடந்து நடந்து வைத்தார். சிலர் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நிமிர்ந்தார். வானத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது.

"போவம்," என்றார் கண்ணால்.

செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது. பேசாமல் எழும்பி வந்துவிடவேண்டும். இது எனக்கும் தெரியும், எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கதவடிக்குப் போகும்போது திரும்பினேன். மேலாளர் ஒரு தட்டோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். கையை உயர்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே நடந்தேன்.

"அவ கை காட்டினவ," என்றேன் காருக்குள்.

"கண்டனான். அதுதான் கெதியா நடந்தனான்."

வீட்டில் தோய்ந்தோம். போட்டுக்கொண்டு போன உடுப்புகளை அக்கா உடனேயே மெசினில் போட்டார். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அவருடைய குரல் கேட்டது.

"இஞ்சருங்கோ, உங்கட பொக்கற்றுக்குள்ள இதென்ன?"

நீலத்துண்டு ஒன்று. தண்ணீரில் ஊறி, இரண்டு மடங்கு தடித்திருந்தது.

செத்தவீட்டுச் சாமானை வீட்டுக்குள் வைக்கமுடியாது என்றார் அக்கா. பல்கனியில் வைத்தோம். காற்று அடித்துப்போகாமல் மேலே ஒரு வெறும் தயிர் டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கல்லும் வைத்தோம்.

மேலாளர் அடுத்த புதன்கிழமைதான் வேலைக்கு வந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. பஸில் முடிந்துவிட்டதாம். ஒரு துண்டு மட்டும் இல்லையாம். அவரும் தங்கையும் மண்டபத்து மேசைகளுக்குக் கீழே தவழ்ந்து தேடினார்களாம். தூசி உறிஞ்சும் மெசினின் பையைக்கூடக் கொட்டிப் பார்த்தார்களாம்.

நான் கோப்பையோடு அங்கேதான் நின்றேன். சொல்லியிருக்கலாம். 'அது எங்கள் பல்கனியில் தயிர் டப்பாவுக்குக் கீழே இருக்கிறது' என்பதை எந்த வசனத்தில் தொடங்குவது என்று யோசித்து முடிக்குமுன் அவர் போய்விட்டார். மேசைக்குத் திரும்பிவந்தபோது மின்னஞ்சல் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குச் சந்திப்போம். என் ஆறு மாதத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

வியாழக்கிழமை வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது.

"எறிஞ்சுபோட்டுப் பேசாம இரு," என்றார் அத்தான். "வேலை சரிவந்த பிறகு பாப்பம். அவங்கள் கடையில புதுசு வாங்குவாங்கள்."

"புதுசு வாங்கி? அது தாய் கை வைச்ச சாமான்," என்றார் அக்கா. "நீங்கள் கொண்டுவந்ததுக்கு அவன் ஏன் களவெடுத்த பேர் எடுக்கவேணும்?"

"நான் எங்க களவெடுத்தனான்? வேலைதானே செய்தனான்."

"சம்பளம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறியள்."

அத்தான் பல்கனிக்குப் போய்க் கல்லைத் தூக்கி, துண்டை எடுத்து, ஒரு கடித உறைக்குள் போட்டுத் தந்தார். "நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லு," என்றார். "எனக்கு அங்க வேலை இல்லைத்தானே."

வெள்ளிக்கிழமை மேலாளர் என் கோப்பைத் திறப்பதற்கு முன்னரே உறையை மேசையில் வைத்தேன். சொல்லவேண்டியதைக் கொப்பியில் ஒன்றரைப் பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். சட்டைப் பை, தோய்ப்பு, பல்கனி எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். செத்தவீட்டில் நாங்கள் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை என்பதையும் சொன்னேன்.

"அப்படியென்றால் நீங்கள் கோபித்துக்கொண்டு போகவில்லையா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "உங்களோடு யாரும் பேசவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போயும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்."

"இல்லை. நாங்கள் முறைப்படிதான் போனோம்."

"ஏன் சொல்லக்கூடாது?"

"இதே காரணத்துக்காகத் திரும்பவும் வர யாரும் விரும்புவதில்லை."

அவர் மூன்றில் ஒரு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு துண்டைப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு தடித்திருக்கிறது?"

"தோய்த்துவிட்டோம்."

"சவர்க்காரம் போட்டா?"

"ஓம். சுடுதண்ணீரில்."

அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். சிரிப்பு நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எழும்பிக் கதவைச் சாத்தினேன். பிறகு வந்து கதிரையில் இருந்தேன். பேசாமல் இருந்தேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

இதை நான் கொப்பியில் எழுதவில்லை. 'இவங்கள் எப்ப அழுவாங்கள்' என்று மண்டபத்தில் கேட்ட அத்தானுக்கும் விடை சொல்லவில்லை.

அன்று அறிக்கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை காலை அவர் தன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். ஏரி, படகு, முழு வானம். வானத்தின் நடுவில் ஒரு துண்டு மட்டும் மற்றவற்றுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. சவர்க்காரம் நிறத்தையும் கொஞ்சம் எடுத்திருந்தது. தங்கை பாரமான புத்தகங்களை வைத்து அமத்திப் பார்த்தாளாம், படியவில்லையாம். அப்படியே விட்டுவிட்டோம் என்றார்.

பிறகு அறிக்கையைத் தந்தார். நிரந்தரம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டிருந்தது. நான் அதை இரண்டு தரம் பார்த்தேன். கீழே 'முன்னேறவேண்டிய இடங்கள்' என்று நாலு கோடு. முதல் கோட்டில் மட்டும் அவருடைய கையெழுத்தில் ஒரு வசனம் இருந்தது: 'புறப்படும்போது சொல்லிவிட்டுப் போகவும்.'

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு அவருடைய கதவடியில் போய் நின்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

வீட்டில் அறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமிப்படத்தடியில் கொண்டுபோய் வைத்தார். அத்தான் கடைசி வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"செத்தவீட்டுக்கும் சேர்த்தோ?" என்று கேட்டார்.

திரும்ப எடுத்துப் பார்த்தேன். அது எழுதியிருக்கவில்லை.