துளைத்துக்கொண்டு போன சன்னம்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கம், தூண்டிலும் துப்பாக்கியும் விற்கும் கடையொன்றில் வேலை செய்தேன். ஒருநாள், குறிபார்த்துச் சுடும் கிளப்பில் சேர்ந்திருந்த நண்பன் கைத்துப்பாக்கிக்குச் சன்னம் வாங்க வந்தான்.

“ரெண்டு வகை இருக்கு. எதை எடுக்க?” என்று கேட்டான்.

என் அறிவைக் காட்டும் ஆசையில் விளக்கினேன்.

“நுனியில குழி இருக்கிறது ஆளுக்குள்ள விரிஞ்சு நிண்டிடும். செம்பால முழுக்க மூடினது துளைச்சுக்கொண்டு போயிடும். உது பட்டால் ஆள் தப்பலாம்.”

தூண்டில் வாங்க வந்து பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் ஒருவர் திரும்பினார். முன்பின் தெரியாதவர்.

“ஓம் தம்பி, நான் தப்பிட்டன்” என்றார். சட்டைக் கழுத்தை விலக்கித் தோளிலிருந்த சிறு தழும்பைக் காட்டினார். “ஊரில சண்டைக்குள்ள ஓடேக்க பின்னாலயிருந்து பட்டது. என்னைத் துளைச்சுப் போய், அணைச்சு வைச்சிருந்த பிள்ளையில ஏறிட்டுது. அவள் தப்பேல்லை.”

நண்பன் ஒன்றும் வாங்காமல் வெளியே போனான்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா” என்றேன்.

“உமக்குத் தெரியாதுதானே” என்றுவிட்டுப் போனார்.

தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? நானும் அதே போரிலிருந்து ஓடி வந்தவன். மனித உடம்பைப் பற்றி அப்படிப் பேச எனக்கு வாய் வந்ததே என்று இன்றும் கூசுகிறேன்.