வரப்பின் மேல் ஒரு லேத்

போன வாரம் ஒரு காலை, என் வீட்டுக்காரர் பழைய டிராக்டர் டயரைத் துண்டு துண்டாக வெட்டித் தன் லேத்தின் காலுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"ரொம்ப நடுங்குது. குஷன் குடுத்துப் பாக்குறேன்."

எனக்கு முதுகுவலி வந்து துடித்தபோது ஒரு தலையணை தேடிக் கொடுக்காத மனுஷர். போகட்டும்...

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆனால் எல்லோரும் காசிக்குப் போவார்கள். இவர் கோயம்புத்தூர் போய், இரும்பு பித்தளையைச் சுழற்றிக் கடைகிற ஒரு பழைய சின்ன லேத்தை வாங்கி வந்தார். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லைக் கோடியில் அந்த லேத்துக்குத் தகர ஷெட், சிமென்ட் தரை, மேலே ஒரு ஃபேன். என் அடுக்களைக்கு இன்னும் ஃபேன் வரவில்லை.

இவ்வளவு சீராட்டியும் அதில் கடைந்த ஒன்றுகூட வழவழப்பாக வந்ததில்லை. ஓட விட்டால் 'கிர்ர்ர்' என்று ஒரு உதறல். கடைந்ததை எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் வரிவரியாக அலை. எனக்கு அலுமினியத்தில் ஒரு சப்பாத்திக் குழவி கடைந்து கொடுத்தார். சப்பாத்திக்கு டிசைன் இலவசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை விளையாட்டு. இந்த முறை விளையாட்டாக இல்லை.

எங்களுக்கும் பங்காளி கலியமூர்த்திக்கும் — இவருடைய சித்தப்பா மகன், பக்கத்து வீடு — பொதுவாக ஒரு போர்செட் உண்டு. நிலத்தைப் பிரித்தவர்களால் கரண்ட் சர்வீஸைப் பிரிக்க முடியவில்லை. அது இன்னும் செத்துப்போன என் மாமனார் பெயரில்தான் ஓடுகிறது. முறை வைத்துத் தண்ணீர் இறைப்போம். மற்றபடி அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு கிடையாது.

அந்த பம்ப் திடீரென்று தண்ணீர் தூக்க மறுத்துவிட்டது. சுழலும் ஷாஃப்டின் மேல் உறை மாதிரி மாட்டியிருக்கும் பித்தளை ஸ்லீவ் தேய்ந்து, அந்த வழியாகக் காற்றை இழுக்கிறதாம். புது ஸ்லீவ் கடைய வேண்டும். அது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். வரி இருந்தால், காற்று புகாமல் அதைச் சுற்றி அடைத்திருக்கும் கயிற்றை அரைத்துத் தின்றுவிட்டு மறுபடி காற்றைத்தான் இழுக்கும்.

மேட்டூர்தான் திறந்தாச்சே என்பீர்கள். ஆமாம், பூத்தூவியதை நாங்களும் டிவியில் பார்த்தோம். எங்கள் வாய்க்காலுக்கு வர வேண்டிய தண்ணீர் இன்னும் டிவியிலேயேதான் இருக்கிறது.

நாற்று காய்ந்தால் எங்களுக்குப் பென்ஷன் இருக்கிறது. கலியமூர்த்திக்கு என்ன இருக்கிறது? சொந்த நிலத்தோடு குத்தகைக்கும் எடுத்து, அத்தனைக்கும் அந்த ஒரு நாற்றங்காலை நம்பி உட்கார்ந்திருக்கிறான். டவுன் லேத் பட்டறையில் கேட்டதற்கு, சீசன் நேரம், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டதும் இவருக்கு வந்ததே ரோஷம்!

"வீட்டுல லேத்தை வச்சுக்கிட்டு வெளியில போய் நிக்கிறதா? நான் கடைஞ்சு தரேன்னு சொல்லு" என்று என்னிடம் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி சொன்னார். அங்கே நின்ற கலியமூர்த்தி தன் பெண்டாட்டி செல்வியிடம், "சரின்னு சொல்லு" என்றான். நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். உலோகத்தைச் சீவுகிற டூல் ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நடுங்குமாம் — உள்ளே தள்ளி இறுக்கினார். டூலைத் தீட்டினார். அதன் முனை நடுமட்டத்துக்கு வரவேண்டும் என்று அடியில் பிளேடுத் துண்டு வைத்தார். பெல்ட் மாற்றினார். வேகத்தைக் குறைத்தார். ஸ்டாண்டில் வெயிட் ஏற்ற வேண்டும் என்று வீட்டிலிருந்த நெல் மூட்டையைத் தூக்கி வைத்தார். வைப்ரேஷன் அப்படியே இருந்தது. எலி மட்டும் புதிதாக வந்தது.

குறை சொல்லக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் போகவில்லை. முதல் ஸ்லீவ் அலை. அடுத்ததும் அலை. அவர் கழற்றிப் போட்டதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

டயரைச் சொருகிய அன்று மத்தியானம் செல்வி அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நாற்றங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். களிமண் வாயைப் பிளந்து கிடந்தது. நாற்று நுனி மஞ்சளாகியிருந்தது.

"ஏன் செல்வி, இது நனையுமா?" என்றேன்.

"நனையாதுக்கா. சும்மா உக்காந்திருக்க முடியலக்கா."

இவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. செம்பைத் தரையில் வைத்தேன். தண்ணீர் 'ஜல ஜல' என்று நடுங்கியது. எடுத்து இந்தப் பக்கம், வீட்டைப் பார்த்த பக்கத்துத் தரையில் வைத்தேன். தண்ணீர் சும்மா நின்றது. மறுபடி அந்தப் பக்கம். நடுக்கம்!

இரண்டு பக்கத்துக்கும் நடுவில், லேத்துக்கு அடியில், தரையில் ஒரு விரிசல். ஒரு கோடு போட்ட மாதிரி ஷெட்டைத் தாண்டி, பழைய வரப்பு இருந்த திசையில் நேராகப் போகிறது.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில், நிலம் போய்விடுமே என்று என் மாமனாரும் அவர் தம்பியும் அவசர அவசரமாகப் பாகம் பிரித்து எழுதிக்கொண்டார்கள். காகிதத்தில்தான். அரசாங்கத்துக்குக் காட்டத்தானே, வயலில் இறங்கி எவன் அளப்பது? வரப்பு என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அண்டை வெட்டுகிறேன் என்று இரண்டு பக்கமும் அதைச் சீவிச் சீவி, ஒரு வருஷம் பார்த்தால் வரப்பையே காணோம். அன்றிலிருந்து கேஸ். எங்கள் வாசலில் ஒரு கட்சிக் கொடி, அவர்கள் வாசலில் இன்னொரு கட்சிக் கொடி. ஆட்சி மாறினால் அளக்க வருகிறவருக்கு எல்லை இரண்டடி நகர்ந்து தெரியும். மண் மட்டும் கட்சி மாறவே இல்லை.

அந்த இரண்டடியைப் பிடித்து வைக்கத்தான் இவர் ஷெட்டை அங்கே கொண்டுபோய்ப் போட்டார். லேத்தின் மோட்டார் பக்கம் எங்கள் கொல்லையின் கெட்டித் தரையில். வால் பக்கம் கலியமூர்த்தியின் நன்செயில், மேலாக மண்ணைக் கொட்டி சிமென்ட் பூசிய இடத்தில். வயல் மண் காய்ந்து உள்வாங்க, தரை பிளந்துவிட்டது. இயந்திரத்துக்கு முதலில் அஸ்திவாரம் பார் என்று வருஷக்கணக்காகப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவர் இவர்!

"ஏங்க, மட்டம் பாத்தீங்களா?"

"எல்லாம் வாங்கினப்பவே பாத்தாச்சு."

"இப்பப் பாருங்க."

வேண்டாவெறுப்பாக ரசமட்டத்தை எடுத்து லேத்தின் மேல் வைத்தார். அதிலிருந்த குமிழி எங்கள் பக்கம் ஓடிவந்து ஒண்டிக்கொண்டது. வால் பக்கம் இறங்கியிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஆச்சரியமே இல்லை. மனுஷருக்கு முன்னாடியே தெரியும்!

"தெரிஞ்சே டயரை வெட்டிக்கிட்டு இருந்தீங்களா? லேத்தை இந்தப் பக்கம் இழுங்க."

"இழுத்தா? நானே எடத்தை விட்டுக்குடுத்த மாதிரி ஆயிரும். கேஸ் நடக்குதுடி."

"கேஸு வாய்தாவுல நிக்கும். நாத்து நிக்குமா?"

ஸ்டூலில் உட்கார்ந்து குமிழியையே பார்த்தார். நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன். வெளியே செல்வி குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

இவர் எழுந்தார். வேலியோரம் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"கலியமூர்த்தி... ஒரு கை புடிக்கணும்டா."

என்னிடம் சொல்லவில்லை. நேராக அவனிடமே சொன்னார். கலியமூர்த்தி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கடப்பாரையோடு வந்தான். பின்னாலேயே செல்வியும் வந்தாள். நாலு பேரும் நெம்பி, தள்ளி, இழுத்து, லேத்தை விரிசலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். கலியமூர்த்தி அந்த விரிசலைப் பார்த்தான். அப்புறம் அண்ணனைப் பார்த்தான். புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்த மரியாதைக்காக அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

டயர் துண்டுகளைத் தூக்கி எறிந்தார். காலுக்குக் கால் தகடு வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மட்டம் பார்த்து, போல்ட்டை முடுக்கினார். லேத்தை ஓட விட்டார். சத்தமே வேறு. பித்தளை சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. கடைசியாக மெல்லிசாக ஒரு சீவல் சீவி, நிறுத்தி, ஸ்லீவைத் தம்பியிடம் நீட்டினார். கலியமூர்த்தி நகத்தால் மெதுவாக இழுத்துப் பார்த்தான். எங்கேயும் தட்டவில்லை.

"நைசா இருக்குண்ணே."

சாயந்திரம் பம்ப் தண்ணீரைக் கொட்டியது. செல்வி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்?

இத்தோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் இது எங்கள் வீடு அல்லவா?

மறுநாள் விடிந்ததும் இவர் டூல் தீட்டுகிற கிரைண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினார்.

"அது எங்க?"

"அந்தக் காலி எடத்துல வைக்கப் போறேன். கிரைண்டர் நடுங்குனா பரவால்ல. அதுக்கு ஃபினிஷ் தேவையில்ல."

பின்னாலேயே போனேன். விரிசலுக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தியின் யூரியா மூட்டைகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. தம்பி முந்திக்கொண்டான்!

இவர் கிரைண்டரோடு நின்று அதையே பார்த்தார். சண்டைதான் என்று நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினேன். மூட்டையைக் காலால் லேசாக அமுக்கிப் பார்த்தார்.

"வெயிட்டு இருந்தா நல்லதுதான். வைப்ரேஷன் கொறையும்."

நான் வீட்டைப் பார்த்து நடந்தேன். கிரைண்டர் நல்ல கனம்... அவரே திருப்பித் தூக்கிக்கொண்டு வரட்டும்.