முயல் காதும் அத்தையின் அப்பளமும்

முயல் காதுக் கள்ளியின் முள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். தட்டுத் தட்டான பச்சைக் காதுகளின் மேல் பொன்னிறப் பொட்டு வைத்தாற்போல், தடவிப்பார் தடவிப்பார் என்று கூப்பிடும். தடவினோமோ தொலைந்தோம், நுனிவிரலெல்லாம் மயிரிழை போன்ற முட்கள் ஏறி, சோற்றைப் பிசையக்கூட முடியாது. சின்ன வயதில் நான் அலறிக்கொண்டு கீழே ஓடினால், அத்தை அப்பளத்துக்குப் பிசைந்து வைத்திருக்கும் உளுந்து மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளி, என் விரலில் அழுத்தி, வெடுக்கென்று உரிப்பாள். முள்ளெல்லாம் மாவோடு வந்துவிடும். "தொடாதேன்னா கேக்கணும், கேட்டியா?" என்று ஒரு குட்டும் கிடைக்கும்.

திருவனந்தபுரத்தில், வருஷத்தில் பாதி நாள் துவைத்த துணியே காயாத ஊரில், பாலைவனத்துச் செடியை வளர்த்துக் காட்டிய வீடு எங்களுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கூரை. பின்கட்டுக்கு மேல் மட்டும் ஒரு சிறிய மொட்டை மாடி, எங்கள் பேச்சில் "மட்டுப்பா". அதில் பாதி அம்மாவின் கள்ளித் தொட்டிகளுக்கு, மறு பாதி அப்பாவின் அக்காவான அத்தையின் அப்பளத்துக்கு. இளம் வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்த அத்தை, சாலைக் கடைத்தெருவுக்கு அப்பளம் போட்டுக் கொடுத்து, யார் கையையும் எதிர்பாராமல் தலை நிமிர்ந்து நடந்தவள். அம்மாவுக்கோ அந்தத் தொட்டிகள்தான் எல்லாம். உடைந்த கூரை ஓட்டைப் பொடித்து, ஆற்றுமணலைச் சலித்து, அடுப்புக்கரித் துண்டும் ஒரு பிடி பழைய சாணமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து அவள் செய்யும் கலவையில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தண்ணீர் அடித்துளை வழியே ஓடிவிட வேண்டும். நின்றால் மறுபடி கலப்பாள். இரண்டு பேரும் சலிக்கிறவர்கள்தான். ஆனால் அத்தை சல்லடைக்குக் கீழே விழுவதை எடுத்துக்கொள்வாள், அம்மா மேலே நிற்பதை எடுத்துக்கொள்வாள். அதனாலேயே வீட்டில் ஒரு நாளும் சல்லடை இருந்த இடத்தில் இருந்ததில்லை.

இருவருக்கும் வெயில் வேண்டும், இருவருக்கும் மழை பகை. மேற்கே கறுத்தால் முதலில் பார்ப்பவள் "மழை!" என்று கத்துவாள், இருவரும் ஏணிப்படியில் இடித்துக்கொண்டு ஏறுவார்கள். அத்தை அப்பளத் துணியைச் சுருட்டுவாள், அம்மா தொட்டிகளின் மேல் பாலிதீன் தாளை இழுத்துவிடுவாள். ஒருத்தி சாமானை மற்றவள் தொட்டதே கிடையாது. "முள்ளுக்கு இத்தனை உபசாரம் வேறெங்கயும் பாத்ததில்லையாக்கும்" என்று அத்தை சொல்வதும், அம்மா காதில் விழாததுபோல் இறங்கிப்போவதும் வாடிக்கை.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வருஷம், ஊரில் நடக்கவிருந்த பூக்கண்காட்சிக்கு முயல் காதைக் கொண்டுபோவதென்று அம்மா முடிவு செய்திருந்தாள். யாரோ கொடுத்த ஒற்றைத் தட்டிலிருந்து வளர்த்து, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையையெல்லாம் தாண்ட வைத்து, இடுப்பளவு குடும்பமாக ஆக்கியிருந்தாள். "வீட்ல முள்ளு ஆகாது" என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்ததற்கு அவள் வைத்திருந்த பதில் அது.

கண்காட்சி நெருங்கும்போது தட்டுகளின் இடுக்கில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியது. அப்பளம் இடுகிற வீட்டில் வெள்ளையாக எது தெரிந்தாலும் அது மாவுதான்; அத்தையின் சேலையில் மாவு, கதவுப் பிடியில் மாவு, என் பரீட்சைத் தாளில்கூட மாவு. அம்மா ஊதிப் பார்த்தாள், தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், போகவில்லை. நாளுக்கு நாள் கூடியது, தட்டுகள் மஞ்சளித்துச் சுருங்கின. அதுவரை குரல் உயர்த்தாத அம்மா அன்று வெடித்தாள். "உங்க மாவு பறந்து பறந்து என் செடி மூச்சு முட்டிச் சாகறது. நாளைலேர்ந்து அப்பளத்தை வேற எங்கயாவது காயப்போடுங்கோ!"

மட்டுப்பாவை விட்டால் அத்தைக்கு வேறு வெயில் ஏது? அப்பளம் நின்றால் அவள் தம்பி வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தவளாகிவிடுவாள். அம்மாவுக்கும் அது தெரியும், கோபத்தில் மறந்துபோனது. அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அத்தை மேலே போனாள்.

கொஞ்ச நேரத்தில் வலது கையை நீட்டிக்கொண்டு இறங்கி அம்மாவிடம் வந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குங்குமத்தில் தோய்த்ததுபோல் சிவந்திருந்தன.

"கோமதி, நசுக்கிப் பாத்தேன். மாவு எங்கயாவது ரத்தம் விடுமாடி?"

அம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து செடியின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி அது. நசுக்கினால்தான் சிவப்பு தெரியும். பூச்சியின் சிவப்போடு, கண்ணுக்குத் தெரியாத முள்ளும் அத்தையின் விரல் நிறைய ஏறியிருந்ததை அவள் முகம் சொல்லியது. அம்மா அடுக்களைக்கு ஓடி மாவு உருண்டையைக் கிள்ளிவந்து, அத்தையின் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்தி உரித்தாள். "தப்பு எம்பேர்லதான் அக்கா," என்றாள். அத்தை, "மெதுவா உரிடி, தோலும் வரது," என்றாள். எங்கள் வீட்டில் சமாதானம் அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அழுகிய தட்டுகளை வெட்டி எரித்தார்கள். மிச்சத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால், சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் ஸ்பிரிட்டும் வேப்பெண்ணெயும் கலந்து தேய்த்தார்கள். உளுந்தில் கல் பொறுக்கிப் பழகிய அத்தையின் கண்ணுக்கு எந்த இடுக்கிலிருந்த பூச்சியும் தப்பவில்லை. "இதோ இன்னொருத்தன், ஒளிஞ்சிண்டிருக்கான் படுபாவி!" என்பாள். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

கண்காட்சிக்குப் போன முயல் காது பாதி உருவம்தான், உடம்பெல்லாம் தழும்பு. அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பட்டுப்புடவை கட்டிய ஒரு மலையாள அம்மாள் குனிந்து பார்த்து, "இது ஆரா வளர்த்தியே?" என்று கேட்டபோது, அம்மா அத்தையின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தி, "ஞங்ஙள் ரெண்டாளும்", நாங்கள் இரண்டு பேரும், என்றாள். அத்தைக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மாலை வரை அந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "எங்காத்துச் செடியாக்கும்" என்றாள். எனக்கு அன்று தலை கால் புரியவில்லை. இன்றும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு மழை வந்தால் அம்மா அப்பளத் துணியிடம் ஓடுவாள், அத்தை தொட்டிகளிடம் ஓடுவாள். யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல, அப்படி ஆகிவிட்டது.

இன்று அந்த மட்டுப்பாவின் மேல் தகரக் கூரை, வீடு யாருடையதோ. அத்தை போய்ப் பல வருஷமாயிற்று. அப்பளம் பாக்கெட்டில் வருகிறது. அம்மா என்னோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். பால்கனியில் அதே முயல் காதின் வம்சம், அதே ஓட்டுத்தூள் கலவையில், ஒரு பூச்சி இல்லாமல் நிற்கிறது. வந்து பார்ப்பவர்கள் அசந்துபோகிறார்கள், போகட்டும்.

போன வாரம் மத்தியானம் மேற்கே கறுத்தது. நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அம்மா சட்டென்று எழுந்து, "அக்கா, மழை! அப்பளம்!" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் விழித்தாள். என் மகள் சிரித்துவிட்டு, "அப்பளம் எங்க பாட்டி இருக்கு?" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. பால்கனியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பளம் இல்லேன்னா போறது. தொட்டியை உள்ளே எடுத்து வைடி. அது அக்கா பாத்துக்கற வேலை. நனைஞ்சா என்னைச் சும்மா விடமாட்டா."

எடுத்து வைத்தேன்.