பத்தொன்பது நாள் தலைவரும் ஒன்பதாவது பலகையும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குள் போய் "அம்சவல்லி பட்டறை எது?" என்று கேட்டால் ஆட்கள் தலையைச் சொறிவார்கள். "சேர்மனம்மா பட்டறை" என்று கேட்டால் டீ குடித்துக்கொண்டே கை காட்டுவார்கள். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதிலும் அந்த அம்மாளுக்கு எந்தப் பதவியும் கிடையாது. அகல் விளக்கும் பியூஸ் கட்டையும் செய்து விற்கிற ஐம்பத்து நான்கு வயதுக்காரர். ஆனால் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில், கடற்கரையில் இருக்கும் ஒரு நகரத்தை அவர் பத்தொன்பது நாள் ஆண்டிருக்கிறார். அந்த நகரத்தின் பெயர் இங்கே வேண்டாம். அப்போது நகராட்சியாக இருந்தது இப்போது மாநகராட்சியாகிவிட்டது. கோபமும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கும்.

அவர் ஆட்சிக்கு வந்த விதம் மக்களாட்சியின் மகத்துவத்துக்கு நல்ல சான்று. தொண்ணூற்றாறில் துறைமுகத்தை ஒட்டிய வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். இருபது வருஷமாக அந்த வார்டுக்குத் துண்டு போட்டு வைத்திருந்த பிரமுகர் தன் மனைவியை நிறுத்தப் போனார். வாக்காளர் பட்டியலில் மனைவியின் பெயர் இல்லை. இத்தனை வருஷமாக அந்த அம்மாள் ஓட்டுப் போட்டதில்லை என்ற விவரம் அன்றுதான் அவருக்கே தெரிந்தது. அந்தக் குழப்பத்தில், ஐஸ் கம்பெனியில் பாரம் தூக்கியவரின் மகளும், பிளஸ் டூ முடித்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவருமான அம்சவல்லி, பூட்டு சாவி சின்னத்தில் சுயேச்சையாக நின்று ஜெயித்துவிட்டார்.

துணைத் தலைவர் தேர்தலில் மன்றம் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. இரண்டு பக்கமும் மூன்று முறை கூடி, மூன்று முறை நாற்காலி உடைத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிடிக்காத ஆளைப் போடுவதைவிடத் தெரியாத ஆளைப் போடுவது மேல். இருபத்தைந்து வயது அம்சவல்லி துணைத் தலைவரானார்.

தலைவர் மாயவன். மானஸ்தர். தொண்ணூற்றெட்டில் ஒரு சாக்கடைக்கு அடிக்கல் நாட்டும் அழைப்பிதழில் தன் பெயரை மூன்றாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரே திரண்டு வந்து வேண்டாம் என்று கெஞ்சும் என்று வாசலில் பந்தல்கூடப் போட்டு வைத்திருந்தார். பால்காரர் மட்டும் வந்தார். சட்டப்படி பொறுப்பு துணைத் தலைவருக்குப் போனது.

அந்தப் பத்தொன்பது நாளில் அம்சவல்லி உருப்படியாக ஒரு கையெழுத்துப் போட்டார். மீன் மார்க்கெட்டில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து விற்கிற பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பதினோரு வருஷமாக அந்தக் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் இளைப்பாறிக்கொண்டிருந்தது. இவர் அனுபவம் இல்லாதவர். கோப்பு வந்தால் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போட்டுவிட்டார். எட்டுக் கழிப்பறை, எட்டுப் பீங்கான் கோப்பை. கோப்பைகளை லாரியில் வைக்கோல் வைத்து ஏற்றிக்கொண்டு விருத்தாசலத்திலிருந்து வந்தவர் விருத்தகிரி. ஒன்றுகூடக் கீறல் விழாமல் இறக்கினார். அதைப் பொறுப்புத் தலைவர் அம்சவல்லி பாராட்டினார். மறு வருஷம் கல்யாணம். இப்படி எட்டுக் கழிப்பறைக் கோப்பைகளின் சாட்சியாக இணைந்த தம்பதி தமிழ்நாட்டில் வேறு எங்காவது இருந்தால் தெரிவிக்கலாம்.

இருபதாம் நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மாயவன் தம் ராஜினாமாவைத் தவறான அதிகாரிக்கு எழுதிவிட்டார், ஆகவே அது செல்லாது. ராஜினாமா செல்லாது என்றால் அவர் பதவியை விட்டே போகவில்லை. போகாதவருக்குப் பதிலாக யாரும் இருந்திருக்க முடியாது. ஆகவே அம்சவல்லி இருக்கவில்லை. மாயவன் திரும்பி வந்து கழிப்பறையை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். கல்வெட்டில் பெயர் இந்த முறை முதலாவதாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் பதவிக்காலம் முடியும்வரை அம்சவல்லி பஸ்ஸேறிக் கூட்டத்துக்குப் போய் வந்தார். அப்புறம் களிமண்ணோடு ஐக்கியமானார். ஆனால் ஒரே ஒரு ஆசை உள்ளே தங்கிவிட்டது. அந்த ஊர்த் தலைவர்கள் பட்டியலில் தன் பெயர் ஒரு வரி வர வேண்டும். இருபத்தைந்து வருஷமாக மனுப் போட்டார். ஒருமுறை "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. ஒருமுறை "தாங்கள் குறிப்பிடும் நாட்கள் பதிவேட்டில் காணப்படவில்லை" என்று வந்தது. வருஷத்தில் பத்தொன்பது நாளைக் காணோம் என்று எழுதிக் கொடுத்த அலுவலகம் அதற்காகக் காவல் நிலையத்தில் புகார் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

"வுடு சேர்மனம்மா. நாங்க சொல்றோமில்ல?" என்பார் விருத்தகிரி.

"நீங்க சொல்லி என்னா? செவுரு சொல்லணும்."

சுவர் சொல்லும் நாள் வந்தது. மாநகராட்சி புதிய மன்றக் கூடம் கட்டியது. மேடைக்குப் பின்னால் வரலாற்றுச் சுவர். எட்டு அடி நீளத்துக்குக் கருங்கல் சட்டம் வைத்து, அதற்குள் ஓரடிக்கு ஓரடி பீங்கான் பலகைகள். தேர்தலில் ஜெயித்து நகரை ஆண்ட தலைவர்கள் ஆளுக்கு ஒரு பலகை. சுதந்திரம் வந்து இத்தனை வருஷத்தில் மொத்தம் எட்டுப் பேர்தான் தேறினார்கள். தேர்தலைத் தள்ளிவைத்த காலங்களுக்கும் பலகை வைத்தால் கூடத்தை இன்னும் நீளமாகக் கட்டியிருக்க வேண்டும்.

வேலை வந்து சேர்ந்த இடம் அம்சவல்லியின் பட்டறை. ஆனால் காகிதத்தில் அது விருத்தகிரி பெயரில்தான் இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். உதவிப் பொறியாளர் ஆதிநாராயணன் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்சவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். எட்டுதான்.

"தொண்ணூத்தெட்டுல ஒருத்தர் பொறுப்புல இருந்தாங்கன்னு..." என்று இழுத்தார்.

"பொறுப்புல இருந்தவங்களையெல்லாம் போட்டா செவுரு தாங்காதும்மா. பொறுப்பானவங்க மட்டுந்தான்" என்றார் பொறியாளர். நகைச்சுவை என்று நினைத்து அவரே சிரித்துக்கொண்டார்.

இங்கே பீங்கான் ஊர்க்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பச்சைக் களிமண் காய்ந்து சூளையில் வெந்தால் சுருங்கும். அடிக்கு ஒன்றரை அங்குலம் போய்விடும். அதனால் எந்தப் பொருளுக்கும் அச்சைப் பெரிதாகவே செய்வார்கள். இந்த ரகசியத்தை விருத்தகிரியிடம் கேட்டறிந்த ஆதிநாராயணன் அதை டயரியில் குறித்துக்கொண்டார். ஊருக்குப் போய் அளவைக் கூட்டி எழுதப் பார்த்தார். ஆனால் ஓரடி என்று ஏற்கனவே குழுவில் ஒப்புதலாகியிருந்தது. மாற்றினால் கோப்பு முதலிலிருந்து நடக்கும். ஓரடி என்றே விட்டுவிட்டார், விட்டதையும் மறந்துவிட்டார். போனில் மட்டும் கம்பீரமாகச் சொன்னார்:

"சுருக்கமெல்லாம் சேர்த்துதான் அளவு குடுத்துருக்கேன். நீங்க ஒண்ணும் கூட்ட வேணாம்."

படித்தவர் சொல்கிறாரே என்று விருத்தகிரி சரியாகப் பன்னிரண்டு அங்குலத்துக்கு அச்சுச் செய்தார். பலகைகள் காய்ந்துகொண்டிருந்தபோது அம்சவல்லி ஒரு பலகையை எடுத்து முழக்கோலால் அளந்தார். பன்னிரண்டு கூட இல்லை. இன்னும் சூளைக்கே போகவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். முழக்கோலை எடுத்த இடத்தில் மாட்டிவிட்டு, தூரிகையைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்து, மாயவன் பெயரை மிக அழகாக எழுதினார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. உடைசலுக்கு என்று ஒரு உருப்படி கூடுதலாக வைக்காமல் சூளைக் கதவை மூட மாட்டார்கள். வெந்த பலகைகளை இறக்கிய விருத்தகிரி எட்டை எண்ணினார். ஒன்பதாவதைத் திருப்பிப் பார்த்தார். "அம்சவல்லி, பொறுப்பு" என்று இருந்தது. ஆண்டு எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

"இது யாரு ஒம்பதாவது ஆளு?"

"உடைஞ்சா வெக்கறதுக்கு. எப்பவும் ஒண்ணு வெக்கறதுதானே?"

"உடைஞ்ச பேரத்தானே எழுதணும்?"

"எந்தப் பேரு உடையும்னு எனக்கென்னா தெரியும்? அதான் தெரிஞ்ச பேர எழுதிட்டேன்."

"வருசத்தக் காணுமே?"

"அது செல்லாதுன்னு கவர்மெண்ட்டுல சொல்லியிருக்காங்க. நாம எழுதினா தப்பாயிடும்."

ஐந்து வருஷம் மன்றத்தில் உட்கார்ந்தவரல்லவா? சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பலகை ஒட்டினார்கள். பலகைகளைக் கொண்டுவந்த விருத்தகிரியும் அம்சவல்லியும் பக்கத்திலேயே இருந்தார்கள். கொத்தனார் இடப்பக்கம் தொடங்கி ஒவ்வொன்றாக நெருக்கி ஒட்டிக்கொண்டே போனார். எட்டாவதாக மேயர் சக்கரபாணியின் பலகையை வைத்து அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சட்டத்துக்குள் ஓரடி இடம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. ஆதிநாராயணன் டேப்பை இழுத்து இரண்டு முறை அளந்தார்.

"என்னாங்க விருத்தகிரி, ஓரடி குறையுது?"

"சுருக்கம் சேர்த்துட்டேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன்... சொன்னா நீங்க சேர்க்க மாட்டீங்களா?"

புதிதாக வார்த்து, காயவைத்து, சுட்டு எடுக்கப் பத்து நாளாகும். விழா நாளைக் காலை பத்து மணிக்கு. எட்டையும் பெயர்த்து இடைவெளி விட்டு ஒட்டலாம் என்றால் பசை இறுகிவிட்டது. அப்போது அம்சவல்லி பையிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய உபரியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது ஒண்ணு இருக்குது சார். அளவு சரியா இருக்கும்."

ஆதிநாராயணன் பிரித்தார். "யாரும்மா இது?"

"பழைய ஆளுதாங்க."

"பழைய ஆளு கடைசியில வருதே?"

"செவுத்துல இடம் அங்கதானே சார் இருக்குது?"

அந்த வாதத்தில் அவருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஒட்டச் சொன்னார். மிஞ்சிய ஒன்றரை அங்குலத்தைக் கொத்தனார் சிமெண்டால் பூசி மறைத்தார்.

மறுநாள் திரை விலகியது. கைதட்டல். அம்சவல்லி கடைசி வரிசையில் மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் வேல்விழி எழுந்து சுவரை இடமிருந்து வலமாக உரக்கப் படித்தார். "சக்கரபாணி, மேயர், இரண்டாயிரத்து இருபத்திரண்டு முதல்... அம்சவல்லி, பொறுப்பு." மேயர் பக்கம் திரும்பினார்.

"மேயர் ஐயா! உங்களுக்கப்புறம் பொறுப்பு யாருக்குன்னு இப்பவே செவுத்துல ஒட்டிட்டீங்களே, எவ்ளோ பெரிய மனசுங்க உங்களுக்கு!"

மேயரின் மாலை அவர் கழுத்திலேயே வாடியது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். மேலிடம் தனக்குத் தெரியாமல் ஆளை மாற்றிவிட்டதா என்று மேயர் நான்கு இடங்களுக்குப் போன் போட்டார். நான்கு இடத்திலும் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்றார்கள். இத்தனை வருஷ அரசியலில் அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் அந்த நகரத்திலிருந்த மூன்று அம்சவல்லிகளுக்கும் சால்வை போய்ச் சேர்ந்தது. அவர்களில் ஒருவர் சத்துணவு சமைப்பவர். சால்வையை வாங்கிக்கொண்டு, முட்டை ஏன் சிறிதாக வருகிறது என்று கேட்டாராம்.

அடுத்த நாள் மேயர் கூடத்துக்குப் பொறியாளரையும் கொத்தனாரையும் பட்டறைக்காரர்களையும் அழைத்தார்.

"பேத்து எடுங்கய்யா அத!"

"எடுத்தா உங்க டைல்ஸும் சேர்ந்து வந்துரும் சார். ரெண்டுக்கும் பசை ஒண்ணா புடிச்சிருக்குது" என்றார் கொத்தனார்.

தன் பெயர் இரண்டாக உடைந்து தரையில் கிடக்கும் புகைப்படம் மேயரின் கண்முன் வந்துபோனது. குரல் இறங்கியது.

"யாருதான்யா அந்த அம்சவல்லி?"

"நான்தாங்க" என்றார் அம்சவல்லி.

மேயர் அவரை மேலும் கீழும் பார்த்தார். விரல் நகத்தில் களிமண்.

"ஓட்டு எங்கம்மா உங்களுக்கு?"

"விருத்தாசலத்துலங்க."

இந்த ஊரில் ஓட்டில்லாதவர் இந்த ஊருக்கு மேயராக முடியாது. மேயருக்கு இரண்டு நாளில் அப்போதுதான் மூச்சு வந்தது. "உக்காருங்க, உக்காருங்க. டீ சொல்லுங்கய்யா அம்மாவுக்கு."

அம்சவல்லி எதிர்காலம் இல்லை, கடந்த காலம்தான் என்பதை ஊருக்கு உடனே நிரூபித்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி, கடந்த காலத்தில் அவர் இருந்தார் என்று ஒப்புக்கொள்வது. இருபத்தைந்து வருஷமாகக் காணாமல் போயிருந்த கோப்பு நாற்பது நிமிஷத்தில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். தீர்மானத்தை மேயரே படித்தார். மாயவன் அவர்களின் ராஜினாமா செல்லாவிட்டாலும், அந்நாட்களில் அம்சவல்லி அம்மையார் கையெழுத்திட்டு வாங்கிய எட்டுக் கோப்பைகள் இன்றளவும் மீன் மார்க்கெட்டில் பயன்பாட்டில் உள்ளபடியால், அந்தப் பத்தொன்பது நாட்கள் செல்லும் என இம்மன்றம் ஏகமனதாக அங்கீகரிக்கிறது. அந்த மன்றத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம், உறுப்பினர்களின் படியை உயர்த்தியதற்குப் பிறகு, இது ஒன்றுதான்.

தீர்மான நகல் பதிவுத் தபாலில் வந்தது. அம்சவல்லி அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு முகம் கழுவப் போனவர் வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் ஆதிநாராயணன் போனில் வந்துவிட்டார்.

"அம்மா, அந்த வெறும் இடத்துல வருசம் போட்டு ஒரு சின்னப் பட்டை ஒட்டணும். நாலு அங்குலம். மேயர் அவசரம்ங்கறாரு."

"சுருக்கம் சேர்த்தா, சேர்க்காமலாங்க?"

"நீங்களே பாத்துக்கங்கம்மா" என்று போனை வைத்துவிட்டார் பொறியாளர்.

விருத்தகிரி நாலரை அங்குலத்துக்கு மேலேயே அச்சு வெட்டினார். அம்சவல்லி எழுத உட்கார்ந்தார். 1998. சாயம் காய்வதற்குள் விருத்தகிரி இன்னொரு பட்டையைப் பக்கத்தில் வைத்தார்.

"சேர்மனம்மா, உபரி. இதுல என்னா எழுதப் போற?"

"அதே வருசந்தான்" என்றார் அம்சவல்லி, தூரிகையை மறுபடி தோய்த்துக்கொண்டே. "எனக்கு வேற வருசம் ஏது?"