உழுவை மீனுக்கு நான் போட்ட பட்டினி

எழுபதுகளின் ஆரம்பம். ஒக்கூரில் பிறந்த நான் காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். பேச்சு ரொம்பக் குறைவு. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் மீன். முகப்பைத் தாண்டி நுழைந்ததும் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து அவரே செய்த தொட்டி ஒன்று இருக்கும். அதில் இரண்டே இரண்டு உழுவை மீன்கள்.

தங்க மீனாக இருந்தாலாவது பார்க்க அழகாக இருக்கும். இதுகள் விரல் நீளம், புளியங்கொட்டை நிறம். குற்றாலத்துப் பக்கம் ஓடைக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்ததைத் துண்டால் பிடித்து, தூக்குவாளியில் பஸ்ஸேற்றிக் கொண்டுவந்தாராம். வயிற்றில் வட்டமாக ஒரு உறிஞ்சி. அதை வைத்துக் கல்லிலும் கண்ணாடியிலும் அப்பிக்கொண்டு கிடக்கும். இதைப் போய் ஒரு மனுஷர் மணிக்கணக்காகப் பார்ப்பாரா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

அந்தச் சமயம் அலுவலகப் பயிற்சி என்று அவரைப் பதினைந்து நாள் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "தெனம் ஒரு குடம் பழைய தண்ணிய எடுத்துட்டு, ஒரு குடம் ஊருணித் தண்ணி ஊத்து. தீனி ஒண்ணும் போட வேணாம். ஒன்னய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உயிரைக் கொடுத்தாவது அந்த மீன்களைக் காப்பாற்றிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை என்றால் குத்துவிளக்கு முதல் செம்பு வரை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாக வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் முகம் தெரிய வேண்டும். இதில் என் மாமியாரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் தொட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏத்தா, வெளக்கேத்துற வீட்டுல இது என்ன இப்புடிப் பாசி புடிச்சுக் கெடக்கு?"

"நானும் அதத்தான் நெனச்சேன் அத்தை. நீங்க சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

அவ்வளவுதான். மீன்களை வாளிக்கு மாற்றினோம். கண்ணாடியை நான் எடுத்துக்கொண்டேன், கற்களை அவர் எடுத்துக்கொண்டார். தேங்காய் நாரும் சாம்பலுமாக, ஒரு பச்சைப் பொட்டு மிச்சமில்லாமல் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினோம். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் நின்று பார்த்துக்கொண்டபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பார்த்தால் மீன்கள் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன. செவ்வாய்க்கிழமை இரண்டுக்கும் வயிறு உள்ளே ஒட்டிப் போயிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தீனி வேண்டாம் என்றாரே என்பதையும் மறந்து சோற்றுப் பருக்கை போட்டேன். பொரியை நுணுக்கிப் போட்டேன். மாமியார் கோதுமை மாவை உருட்டிப் போட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சனியன்கள். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம்.

"அவன் வந்தா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?" என்று மாமியார் புலம்பினார். பிள்ளையார்பட்டிக்கு இரண்டு தேங்காய் நேர்ந்துகொண்டார், மீனுக்கு ஒன்று வீதம்.

புதன்கிழமை காலையில் அதே கவலையோடு ஊருணிக்குப் போனேன். குடத்தைச் சாய்க்கக் குனிந்தவள் படியில் வழுக்கிவிட்டேன். பின்னால் நின்ற ஒரு அக்கா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் தண்ணீருக்குள்தான் விழுந்திருப்பேன்.

"பாத்து தாயி! படியெல்லாம் பாசி."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீருக்குள் கிடந்த அடுத்த படியில் பொடி மீன்கள் கூட்டமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, அதுக என்னத்தத் திங்குதுக?"

"பாசியத்தான். பெறகு மீனுக்கு இட்டிலியா அவிச்சுப் போடுவாக?"

அவர் சிரித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். முன்பின் தெரியாதவர், "இதுக்கா அழுகுற? எந்திரி" என்று என்னை அங்குட்டு இருந்த குளிக்கிற குளத்துக்குக் கூட்டிப்போனார். குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் வைக்கக் கூடாதே! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, பச்சைப் பசேலென்று நாலு கல் எடுத்து என் குடத்தில் போட்டார். அந்த அவசரத்தில் அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டு வாசலிலேயே மாமியார் மறித்தார். "குடிதண்ணிக் கொடத்துலயா பாசிக் கல்லக் கொண்டாந்த?"

"அத்தை, நம்ம அழுக்குன்னு தேச்சமே, அதுதான் அதுகளுக்குச் சாப்பாடு."

மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "அடி ஆத்தி! தட்ட வெளக்குறேன்னு சோத்தக் கொட்டிப்புட்டமே!"

கலங்கிய தண்ணீரை மாற்றி, கற்களை உள்ளே வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து ஒரு மீன் மெல்ல நகர்ந்து வந்து கல்லில் ஒட்டியது. வாய் அசைந்தது. அது போன வழியெல்லாம் விரலால் வழித்த மாதிரி பச்சை காணாமல் போனது. மாமியார் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். சாயங்காலம் இன்னொன்றும் வந்து ஒட்டியது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் திரும்பி வரும்வரை தினமும் மாமியாரும் மருமகளும் பாசிக் கல் சுமந்தோம், பழைய குடத்தில்தான். தெருவில் யாராவது கேட்டால், "எங்க வீட்டுல ரெண்டு விருந்தாளி இருக்காக" என்பார் மாமியார்.

அவர் ஊரிலிருந்து வந்ததும் நேராகத் தொட்டிக்குத்தான் போனார். மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. "இந்தக் கல்லெல்லாம் ஏது?" என்றார். நான் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"ஒம் பொண்டாட்டி சமையல்டா அது."

அவர் விழித்த விழியைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டோம். பிள்ளையார்பட்டித் தேங்காயின் கதையை அவருக்குச் சொல்லவே ஒரு வருஷம் ஆனது.

இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குத் தேய்க்கிறேன். ஆனால் எதையாவது அழுக்கென்று துடைக்கத் துணியை எடுத்தால் என் கை கொஞ்சம் தயங்குகிறது. இதை நம்பி யாராவது உயிர் வாழ்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் துடைக்கிறேன்.