சொதி வழிச் சொந்தம்

மூன்று வருடம் இருக்கும். ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம்.

எங்கள் மகளும் ஒரு கோயம்புத்தூர்ப் பையனும் பெங்களூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பூரண சம்மதம். பையனின் அப்பாவுக்கும் சம்மதம். அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் "பார்க்கலாமுங்க" என்று ஒரே பதில். ஜாதகம் பொருந்துகிறதே என்றால் "பார்க்கலாமுங்க". தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்றால் "பார்க்கலாமுங்க". என் மகள் போனில் அழுகிற அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் அந்த அம்மாவே, "உங்க ஊரு, ஆளுங்க எல்லாம் எப்படின்னு ஒருக்கா வந்து பார்த்துட்டுச் சொல்றோமுங்க" என்றார்.

நாங்கள் சென்னைக்குக் குடிபோய் வருடக்கணக்காகிறது. தென்காசி வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். அதனால் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்து, நாங்கள் இருவர், அவர்கள் இருவர் என்று நான்கு பேரும் தங்கினோம். இந்தப் பயணம் நல்லபடி முடிந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. மனதுக்குள் மட்டும் நான் அவரைச் 'சம்பந்தியம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காத மனிதர். அன்று காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை. சம்பந்தியம்மாவுக்குக் குடை பிடித்தார், மெயினருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் குறைந்ததா என்று எட்டிப் பார்க்கப் போய்ப் போலீஸ்காரரிடம் திட்டு வாங்கினார், துண்டு காயவில்லை என்று ஓடிப்போய்ப் புதுத் துண்டு வாங்கி வந்தார். பெண்ணைப் பெற்ற பயம் ஆளை இப்படி ஆட்டிவைக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

குளித்து முடித்ததும் குற்றாலப் பசி வந்தது. அருவியில் நின்றவர்களுக்கு அது தெரியும். வயிற்றுக்குள் யாரோ அடுப்புப் பற்ற வைத்த மாதிரி இருக்கும். அதற்கென்றே செங்கோட்டைப் பக்கம் பரோட்டாவும் கோழியுமாக மணக்கும். ஆனால் அவர்கள் சுத்த சைவம். சாயங்காலம் தென்காசி கோயிலுக்குப் போவதாகத் திட்டம் இருந்ததால் பட்டுப்புடவை, பட்டுக்கரை வேட்டி எல்லாம் உடுத்திக்கொண்டு சாப்பாடு தேடிக் கிளம்பினோம்.

முதலில் போன சைவ ஓட்டலில், சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் ஈரத்தலையோடு ஆட்கள் காவல் நின்றார்கள். என் கணவரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, அவர் மோர்ச்சாதத்துக்கு வருகிறாரா என்று இலையை எட்டிப் பார்த்தார். சம்பந்தியம்மா, "இப்படி நின்னு வாங்கித்தான் சாப்பிடோணுங்களா?" என்றார். வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடையில் சாதம் தீர்ந்துவிட்டது. அதற்கடுத்ததில் ஃப்ரைடு ரைஸ்தான் இருந்தது.

இதற்கிடையில் என் கணவர் முதல் நாள் இரவு அளந்த கதை வேறு வினையாக வந்தது. "எங்க ஊர்ல சொதின்னு ஒண்ணு உண்டு. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி போட்டுச் செய்வோம். மாப்பிள்ளைச் சொதின்னே பேரு. இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் தொட்டுச் சாப்பிட்டா அப்படி இருக்கும்" என்று அடித்துவிட்டிருந்தார். பையனின் அப்பா சாப்பாட்டுப் பிரியர். இரவெல்லாம் அதையே நினைத்தாரோ என்னவோ, "அந்தச் சொதி எங்கீங்க கிடைக்கும்?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே வந்தார்.

மேலகரம் தாண்டும்போது என் கணவர் காரை நிறுத்தச் சொல்லி, டீக்கடையில் நின்றவரிடம், "அண்ணாச்சி, சொதி எங்கன கெடைக்கும்?" என்று கேட்டார்.

அவர் எங்கள் பட்டுப்புடவை, வேட்டியைப் பார்த்தார். யோசிக்கவே இல்லை. "அந்தா வாழைமரம் கெட்டியிருக்கு பாருங்க, அங்கனதான். பந்தி ஓடுது, வெரசாப் போங்க" என்றார்.

எனக்கு அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் சொதி என்றாலே கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து. என் மறுவீட்டிலும் சொதிதான். ஆனால் பசி காதை அடைத்திருந்தது. வாசலில் வாழைமரம், மேலே 'மஹால்' என்று போர்டு. பிரியாணிக் கடைக்கே மஹால் என்று பேர் வைக்கிற காலம். உள்ளே நுழைந்ததும் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் நீட்டினார்கள். சென்னையில் பாரம்பரியச் சாப்பாடு என்று போர்டு மாட்டிய ஓட்டல்களில் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் நடக்கிறது. "பரவாயில்லீங்களே, மரியாதை தெரிஞ்ச ஓட்டலுங்க" என்றார் சம்பந்தியம்மா. காலையிலிருந்து அவர் வாயில் வந்த முதல் பாராட்டு. என் கணவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிப்போன ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஓடி வந்தார். "வாங்க மதினி, வாங்க அண்ணாச்சி. எங்க வராமப் போயிருவீங்களோன்னு நெனைச்சேன். உக்காருங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார்.

"முதலாளியே வந்து உபசரிக்கறாருங்க" என்று பையனின் அப்பா பூரித்துப்போனார்.

சொதி வந்தது. பையனின் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார். திறக்க நேரமாயிற்று. பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் அவரிடம் குனிந்து, "அண்ணாச்சி, உங்களுக்கு மாப்பிள்ளை என்ன வேணும்?" என்று பிரியமாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை இன்னும் ரெண்டு கரண்டி வேணுமுங்க."

கேட்டவர் ஒரு நொடி திகைத்து, பிறகு சத்தமாகச் சிரித்து, இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். "அண்ணாச்சிக்குக் குசும்பப் பாத்தியா" என்று பக்கத்தில் சொல்வது கேட்டது.

சம்பந்தியம்மா அவ்வளவு சுலபத்தில் மயங்குகிறவர் இல்லை. சாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஏனுங்க, சாதம் ஆறிப்போயிருக்குதுங்களே" என்று முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. "தப்பா நெனைக்காதீங்க மதினி, இந்தா ஒரு நிமிசம்" என்று உள்ளே பாய்ந்தார். "ஏலே, சூடா சாதம் கொண்டாங்கலே! மானத்த வாங்காதீங்க!" என்று அவர் கத்துவது வெளியே கேட்டது. தானே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சாதம் வந்ததும் சிப்ஸ் நமுத்திருக்கிறது என்றார் சம்பந்தியம்மா. மறுபடி ஓட்டம். இஞ்சித் துவையலில் வெல்லம் தூக்கல் என்றார். அதற்கு அவர் என்ன செய்வார்? கையைப் பிசைந்துகொண்டு குனிந்து, "எந்தக் குறையா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லிருங்க மதினி. மாப்பிள்ளை காதுக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க" என்றார்.

அவர் நகர்ந்ததும், "ஓட்டல் அவர் மாப்பிள்ளை பேர்ல இருக்குமாட்டிருக்குதுங்க. பாவம்" என்றார் பையனின் அப்பா.

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசைக் கடைசியில் ஒரு பெண். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கையில் அழியாத மருதாணி. பக்கத்தில் புது மாப்பிள்ளை. சுவரில் விலைப்பட்டியல் இல்லை. கல்லாப்பெட்டி இல்லை. சுற்றிலும் எல்லோரும் ஒருவரையொருவர் மாமா, சித்தி என்று கூப்பிடுகிறார்கள்.

இது ஓட்டல் இல்லை, யாரோ வீட்டு மறுவீட்டுப் பந்தி. மேஜைக்கு அடியில் கணவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் சர்க்கரை நோயாளி. நான் இனிப்பைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, கையிலிருந்த ஜாங்கிரியைச் சோகமாக இலையில் திரும்ப வைத்தார். மறுபடி மிதித்தேன். பாயசத்தையும் தள்ளி வைத்தார்.

எப்படியாவது இவர்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் போதும் என்று நான் இலையை மூடப் போகும் நேரத்தில், அந்த மனிதர் மறுபடி வந்தார். சம்பந்தியம்மா முன்னால் கைகட்டி நின்றார்.

"கேக்கேன்னு வருத்தப்படாதீங்க மதினி. உங்களுக்குக் கோயம்புத்தூர்தானே?"

"ஆமாங்க."

"அப்ப மாப்பிள்ளைக்கு நீங்க..."

நாங்கள்தான் எல்லாக் கதையையும் கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறோம் என்று சம்பந்தியம்மா நினைத்துக்கொண்டாராம். முதுகை நிமிர்த்தி, கூடமே கேட்கும்படி சொன்னார்: "மாப்பிள்ளையோட அம்மாங்க!"

உண்மையைச் சொல்கிறேன். அந்த இக்கட்டிலும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எத்தனையோ மாதமாக 'பார்க்கலாமுங்க' தவிர வேறு வராத வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்று வந்துவிட்டது! என் கணவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவருக்குத்தான் இன்னும் எதுவும் தெரியாதே.

எதிர் வரிசையில் ஒரு அம்மாள் மெதுவாக எழுந்து நின்றார். பெரிய மூக்குத்தி. மதுரைக் குரல்.

"அப்ப நான் யாரு?"

புது மாப்பிள்ளை தன் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தான். அந்த அப்பா, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று பாயச டம்ளரைக் கீழே வைத்தார்.

இதற்கு மேல் மறைத்தால் ஒரு குடும்பம் உடைந்துவிடும் என்று நான் எழுந்துவிட்டேன். அருவி, பசி, டீக்கடை, வாழைமரம் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். "ஓட்டல்னு நெனைச்சு வந்துட்டோம். மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டேன். சம்பந்தியம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கல்யாணம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

இவ்வளவு நேரம் ஓடி ஓடி உபசரித்தவர், அதாவது அந்தப் பெண்ணின் அப்பா, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவங்க மாப்பிள்ளையோட கோயம்புத்தூர் அத்தை இல்லியா?"

"நாங்க யாருமே இல்ல அண்ணாச்சி."

அவ்வளவுதான், காற்றுப்போன மாதிரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் ஒரு அத்தை உண்டாம். கோபக்காரியாம். கல்யாணத்துக்கு வராதவர், மறுவீட்டுக்கு வந்தாலும் வருவார், பார்த்துக் கவனியுங்கள் என்று சொல்லியிருந்தார்களாம். "நேத்துலேருந்து இப்பதாம்மா உக்காருதேன்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டு மதுரைக்கூட்டம் சிரித்துத் தீர்த்தது. மூக்குத்தி அம்மாளும் சிரித்தார். சிரிக்காதவர் சம்பந்தியம்மா ஒருவர்தான். அவர் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, நீங்க சாப்பிட்டீங்களா?"

"அது கெடக்கு மதினி. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிக்கட்டும்."

சம்பந்தியம்மா எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தானே ஒரு இலையை விரித்தார். சாதத் தட்டை வாங்கி, சாதத்தைத் தொட்டுப் பார்த்து, "இது சூடா இருக்குதுங்க" என்று பரிமாறி, சொதியையும் ஊற்றினார். அவர் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்கண்ணா. அந்தச் சாதமும் நல்லாத்தானுங்க இருந்தது. நாந்தான் சும்மா சொல்லிட்டனுங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். யாரோ ஒரு மாப்பிள்ளையின் அம்மா இப்படிப் பரிமாறும்போது, நிஜ மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருப்பாரா? மூக்குத்தி அம்மாள் சிப்ஸ் தட்டோடு வந்து நின்றார். அந்த மனிதர் அழுதுகொண்டே சாப்பிட்டார். காரம் என்று சொன்னார். சொதியில் ஏது அவ்வளவு காரம்?

காரில் ஏறிக் கோயிலுக்குக் கிளம்பினோம். பையனின் அப்பா ஒரு ஏப்பம் விட்டு மன்னிப்புக் கேட்டார். தென்காசிக் கோபுரம் தெரிந்தபோது சம்பந்தியம்மா முன்சீட்டிலிருந்த என் கணவரைப் பார்த்து, "நீங்களும் காலையிலிருந்து உக்காரவே இல்லீங்களே அண்ணா. நானும் பார்த்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

என் கணவர், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று கோயம்புத்தூர் பாஷையில் உளறினார்.

"தை மாசம் கேட்டீங்களே, வெச்சுக்கலாமுங்க. அத்தனை பேர் முன்னாடி மாப்பிள்ளையோட அம்மான்னு சொல்லிப்போட்டேன். இனி எப்படி மாத்திப் பேசறது?"

தை மாதம் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்குச் சொதிதான், சந்தேகமென்ன. அன்று எங்களைப் பந்தியில் உபசரித்த மேலகரத்து அண்ணாச்சியும் குடும்பத்தோடு வந்திருந்தார். அவரைத் தெரியாத யாரோ, "நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டதற்கு, "சொதி வழிச் சொந்தம்" என்றாராம். முதல் பந்தியில் முதல் இலை என் கணவருக்கு. சம்பந்தியம்மாவின் உத்தரவு. அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே ஜாங்கிரி சாப்பிட்டார். அன்று நான் காலை மிதிக்கவில்லை.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், இலையில் என்ன விழுகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், பெண்ணைப் பெற்றவர் எங்காவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான் என் கண் தேடுகிறது.