அழிக்க விடமாட்டேன்

கம்ப்யூட்டருக்கு என்ன வருத்தம் என்றாலும், புளியந்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் திருத்துனரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுவம் அக்கா."

கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரியகல்லாற்றில் நான் வைத்திருந்த டைப்பிங் கடையை ஏற்கெனவே ஒருமுறை கடல் அழித்துவிட்டுப் போயிருந்தது. முதல் கம்ப்யூட்டரை வாவிக்குள்தான் கண்டெடுத்தோம். பிறகு வந்த அதிகாரிகளும், பழையதை மறந்து வேறிடத்தில் புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள். தொடங்கினேன், அதே இடத்தில்.

யுத்தம் முடிந்த வருடமும், காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் என்னிடம்தான் மனு அடிக்க வந்தார்கள். பிள்ளையின் போட்டோ உள்ள பென் டிரைவ் பத்து அலுவலகம் ஏறி இறங்கி வரும். கூடவே வைரசும் வரும். அந்த முறை வந்தது, விண்டோஸைத் திறக்கவே விடவில்லை.

திருத்துனர் வந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்தார். வருடாவருடம் மகனின் பிறந்தநாள் கழிந்ததும் வந்து, அதே மனுவை மறுபடி எடுத்துப் போகிறவர். கம்ப்யூட்டர் பழுது, பழைய பிரதியைத் தாருங்கள் என்றேன். அதையும் ஏதோ அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அப்படியென்றால் சொல்லுங்கள், புதிதாக அடிக்கிறேன் என்றேன்.

"திரும்ப முதல்ல இருந்து சொல்ல என்னால ஏலாது புள்ள. உள்ள இருக்கிறத எடு. வயச மட்டும் மாத்து."

மேசை லாச்சியில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஒரு லினக்ஸ் சீடி கிடந்தது. கேட்டால் தபாலில் சும்மா அனுப்புகிறார்கள் என்று எடுத்து, சும்மா வந்தது எதற்கு உதவும் என்று போட்டு வைத்திருந்தேன். கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பதைத் தொடாமல் சீடியிலிருந்தே ஓடும் என்று அதன் உறையில் எழுதியிருந்தது. எனக்கு வேண்டியது அந்த ஒரு வசனம்தான்.

திருத்துனர் சிரித்தார். "பிரிண்டர் வேலை செய்யாது. கடிதமெல்லாம் வரி மாறி நிக்கும். கவர்மென்ட் கந்தோர்கள்ல எல்லாரும் விண்டோஸ்தான். பழுதானா நானும் வரமாட்டன் அக்கா."

"வராட்டிப் போங்க," என்று சீடியை உள்ளே தள்ளினேன்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பிரிண்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. தமிழ் எழுத்தைத் தேடி எடுத்துப் போட வேண்டியிருந்தது. வரிகள் ஓரத்தைத் தாண்டி ஓடின. ஒவ்வொன்றாக இழுத்து நிறுத்தினேன். இனி எதிர்க் கடையில்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும், எதையும் நானே படிக்க வேண்டும். படிப்பேன். மனுக்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. அவற்றைப் பத்திரமாகப் பிரதி எடுத்த பிறகு லினக்ஸையே நிரந்தரமாகப் போடுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

அம்மாவின் மனுவைத் திறந்தேன். அவர் திரையை எட்டிப் பார்த்து, மகனின் படத்தைக் கண்டதும் கதிரையில் உட்கார்ந்தார்.

இருபத்தொன்றை அழித்து இருபத்திரண்டு என்று அடித்தேன். அன்று என் கடையில் அழிந்தது அது ஒன்றுதான்.